19-ஆவது மாதம் பஞ்சர் ஒட்டுவது யார்? சாட்ஸ்வொர்த் வீல்சேர் பணி: ஒரு நிகழ்வு ஆய்வு

கணவருக்கு 67 வயது. பட்டறையில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 64, நர்ஸாக இருந்தவர். பிள்ளைகள் தலையெடுத்தாயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டு, சொந்தச் செலவில் 18 மாதத் தொண்டுக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்குகிறார்கள். அனுப்புவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் சபை என்றால்தான் பலருக்குத் தெரியும். இந்தச் சபை மூத்த தம்பதியரைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. அவர்களில் மனிதநேயப் பணிக்கென்று வருகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்வதில்லை. தண்ணீர், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, கண் சிகிச்சை, வீல்சேர் என்று தேவையைத் தேடிக் கண்டுபிடித்து, திட்டம் எழுதி, ஒப்புதல் வாங்கி, பொருளை ஒப்படைத்து, கணக்கை முடிப்பதுதான் அவர்கள் வேலை. தென்னாப்பிரிக்காவில் இவர்களின் கோப்புகள் ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள வட்டார அலுவலகத்துக்குப் போகும்.

இங்கே வரும் தம்பதியர் குறிப்பிட்ட எவரும் அல்ல. இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே மாதிரித் திட்டமாகக் கோத்திருக்கிறோம்: 60 நாற்காலி, 18 மாதம், இடம் சாட்ஸ்வொர்த். இந்த எண்ணிக்கை கணக்குக்காக வைத்துக்கொண்டது. அளவுகளும் விதிகளும் ஊர் நிலவரமும் உள்ளபடியே.

கேள்வி ஒன்றுதான். தம்பதியர் விமானம் ஏறிய அடுத்த மாதம், அதாவது 19-ஆவது மாதம், ஒரு சக்கரம் பஞ்சரானால் என்ன நடக்கும்? திட்டத்தின் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியில் உரசிப் பார்த்திருக்கிறோம்.

இடம்

சாட்ஸ்வொர்த் டர்பனுக்குத் தென்மேற்கே, குன்றும் சரிவுமான நிலம். 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனர், மேகஸின் பாரக்ஸ் போன்ற இடங்களில் இருந்த இந்தியக் குடும்பங்களை 1960-களில் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த ஊர். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸில் தமிழர்களே அதிகம். அவர்களுக்கு நகராட்சி கட்டிக் கொடுத்த ஒட்டு வீடுகள் பல சரிவில் இருக்கின்றன. சாலை ஒரு மட்டம், வாசற்படி வேறு மட்டம், கழிப்பறை இன்னொரு மட்டம்.

டர்பன் இந்தியர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். கால் விரலில் கொப்புளம், ஆறாத புண், முழங்காலுக்குக் கீழே வெட்டு, சில ஆண்டுகளில் மறு கால் என்ற வரிசை இங்கே பல வீடுகளுக்குப் பழக்கம். ஆகவே போலியோவையோ தண்டுவட அடியையோ நினைத்து வடிவமைத்த திட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாது. இந்த ஊரின் முதல் பயனாளி வயதானவர், சர்க்கரை உள்ளவர், ஒரு காலோ இரண்டு காலோ இழந்தவர், பாதத்திலும் உட்காரும் இடத்திலும் உணர்ச்சி மங்கியவர். இதிலிருந்து மற்றதெல்லாம் கிளைக்கிறது.

வருவதற்கு முன்

90 நாளைத் தாண்டித் தங்கித் தொண்டு செய்ய, 2002-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின் கீழ் வரும் நீண்டகால வருகையாளர் விசா வேண்டும். மருத்துவச் சான்றிதழும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் வாழ்ந்த நாடுகளிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். போலீஸ் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வேலை நிமித்தம் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு இங்கேதான் நாள் ஓடிப்போகும்: கடைசிச் சான்றிதழ் கைக்கு வரும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும். மிகவும் தாமதிக்கும் நாட்டில் முதலில் விண்ணப்பிக்க வேண்டும்.

மனைவி நர்ஸ் என்பது இந்தத் திட்டத்தில் பலமும் பொறியும். தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாமல் அவர் இங்கே நர்ஸாக வேலை செய்ய முடியாது. ஒரு புண்ணைப் பார்த்து மருந்து சொன்னாலே எல்லை தாண்டியதாகும். நாற்காலி யாருக்கு எது என்று தீர்மானிப்பது பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து கிடைக்கும் இடம் அரசு மருத்துவமனையின் தெரபி பிரிவு. ஆகவே கூட்டாளி அமைப்பைத் தேடும்போது முதல் கேள்வி, “உங்களிடம் தெரபிஸ்ட் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்?” என்பதாக இருக்க வேண்டும். நல்ல மனசுள்ள சங்கம், பெரிய மண்டபம், நீளமான பெயர்ப் பட்டியல் எல்லாம் இருந்தும் தெரபிஸ்ட் இல்லையென்றால் அது நாற்காலி விநியோகம், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த இடங்களுக்கான வீல்சேர் வழிகாட்டியை 2008-இல் வெளியிட்டது. 2012-இல் அடிப்படைப் பயிற்சித் தொகுப்பும் அடுத்த ஆண்டு இடைநிலைத் தொகுப்பும் வந்தன. 2023-இல் புதிய வழிகாட்டி. 2008 வழிகாட்டி சொல்லும் எட்டுப் படிகள்: பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதியும் ஆர்டரும், தயாரிப்பு, பொருத்துதல், பயிற்சி, பின்தொடர்தல். தம்பதியரின் பணமும் நேரமும் பெரும்பாலும் நான்காவதில் கரைந்துவிடும். திட்டம் செத்துப்போவது எட்டாவதில்.

அளவெடுப்பு

இங்கே நின்று பார்க்க வேண்டும். மற்ற எதையும்விட இதில்தான் தவறு நடக்கிறது.

நாற்காலி பெறவிருக்கும் பாட்டியை, இங்கே ஆயா என்போம், கெட்டியான பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். மெத்தை வைத்த சோபா கூடாது. உடல் புதைந்தால் அளவு பொய். இருக்கும் கால் தொங்காமல் பலகை மேல் ஊன்றியிருக்க வேண்டும். விசேஷத்துக்கு வருவதுபோல் புடவை கட்டி வந்திருப்பார். கொசுவமும் உள்பாவாடையும் மடிந்து இடுப்புப் பக்கம் தடித்திருக்கும், அதைத் தள்ளிவிட்டே அளக்க வேண்டும். தையல்காரர் போல நாடாவை உடம்பைச் சுற்றி வளைத்தால் அது வளைவின் நீளம். இரு பக்கமும் இரண்டு அட்டைகளை நேராக நிறுத்தி, இரண்டுக்கும் நடுவிலான தூரத்தை அளப்பதே சரி. அதுதான் இருக்கையின் அகலம். “கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்” என்று இரண்டு அங்குலம் கூட்டுவது இரக்கம்போலத் தோன்றும். அகலம் கூடினால் உடல் ஒரு பக்கம் சாயும், கை சக்கரத்தின் தள்ளு வளையத்தை எட்டாது, கதவில் முட்டும்.

அடுத்தது ஆழம். பின்புறத்தின் கடைசியிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை, இடது வலது இரண்டையும் தனித்தனியே அளந்து, குறைவானதை எடுத்து, அதிலிருந்து 30 முதல் 60 மி.மீ. கழிக்க வேண்டும். இருக்கை ஆழம் அதிகமானால் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தும், குத்துவதைத் தவிர்க்க அவர் முன்னே சறுக்கி உட்காருவார், முதுகு வளையும், பாரம் முழுவதும் வால் எலும்பில் விழும். அங்கே புண் வரும்.

மூன்றாவது, கெண்டைக்கால் உயரம். இதை வைத்துக் கால்மிதியின் உயரத்தைச் சரிசெய்கிறோம். குஷனைப் போட்ட பிறகே சரிசெய்ய வேண்டும். குஷன் இல்லாமல் சரிசெய்துவிட்டுப் பிறகு குஷனைப் போட்டால் கால் அந்தரத்தில் தொங்கும். கால்மிதி மிக உயரமானால் தொடை தூக்கிக்கொண்டு பாரம் உட்காரும் எலும்புக்கு மாறிவிடும். தொடை முழுவதும் குஷனில் படிந்திருக்கிறதா என்று உள்ளங்கையைச் செருகிப் பார்த்தால் தெரியும்.

பொருத்தியபின் ஒரு கைச்சோதனை உண்டு. அவரிடம் சொல்லிவிட்டு, விரல் நுனிகளைக் குஷனுக்கு மேலே, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே நுழைக்க வேண்டும். விரல் நுனியை 5 மி.மீ. அளவு மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பாதுகாப்பு. அசைக்க முடியவில்லை, ஆனால் சுலபமாக உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. விரல் நசுங்கி உருவுவதே கஷ்டம் என்றால் அந்தக் குஷனில் அவரை உட்கார வைத்து அனுப்பக் கூடாது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இடுப்பு சாய்ந்தவருக்கு ஒரு பக்கம் பாதுகாப்பாகவும் மறுபக்கம் ஆபத்தாகவும் இருக்கும். சோதனையைத் தெரபிஸ்ட்டே செய்யட்டும், பெண்ணுக்குப் பெண். ஆயா சங்கடப்படுவார். “ஆயா, நீங்க குந்துற எலும்பு எங்க அழுத்துதுன்னு பாக்கணும்” என்று முன்கூட்டிச் சொன்னால் விட்டுக்கொடுப்பார்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. டர்பனில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனாலும் வயதானவர்கள் உடம்பைப் பற்றிப் பேசும்போது தமிழ் தானாக வரும்: நோவுது, எரியுது, மரத்துப்போச்சு. இம்மூன்றும் மூன்று வேறு செய்திகள். வெளிநாட்டுத் தம்பதியர் மூன்றையும் வலி என்று ஒரே கட்டத்தில் எழுதிவிடுவார்கள். “மரத்துப்போச்சு” என்பவரே அதிக ஆபத்தில் இருக்கிறார். புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் சொன்ன சொல்லையே எழுதி வைப்பது நல்லது. பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் எல்லாம் “பெயின்” ஆகிவிடும்.

கால் போனவரின் சமநிலை

இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே போனவரைச் சாதாரண நாற்காலியில் உட்கார வைத்து, வாசல் மேட்டில் ஏற்றும்போது கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தால் நாற்காலி அப்படியே மல்லாந்துவிடும். முன்னால் இருந்த காலின் எடை இப்போது இல்லை; உடம்பின் பாரமையம் பின்னே போய்விட்டது. பின்சக்கர அச்சையும் பின்னே தள்ளினால்தான் சரியாகும். அச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் உள்ள நாற்காலி வாங்கினால் இது ஐந்து நிமிட வேலை. ஒரே துளை வைத்து வெல்டிங் செய்த மலிவு நாற்காலியில் முடியாது. அச்சைப் பின்னே தள்ளினால் நாற்காலியின் நீளம் கூடும், திருப்பம் பெரிதாகும், தள்ளுவதும் சற்றுக் கடினம். குறுகலான நடைபாதை வீட்டில் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் யாராவது ஸ்பேனரை எடுத்துப் பழைய துளைக்கே மாற்றிவிடுவார்கள். பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரமும் சேர்த்து வாங்குவது உத்தமம், படியில் தூக்கும்போது அதை மடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே வெட்டியவருக்கு வேறு பிரச்சினை. மீந்த கால் மடிந்தே இருந்தால் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்த வழியில்லை. இருக்கையின் நீட்சியாக ஒரு பலகை, மேலே நுரை, உறை. ஒட்டுப்பலகைத் துண்டில் உள்ளூர்த் தச்சரே செய்துவிடலாம். 60 நாற்காலி ஆர்டர் கொடுக்கும்போது இந்தப் பலகையை மறப்பது வழக்கம், விலைப்பட்டியலில் அது தனி வரியாக வராததால்.

குழந்தைகளை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உடலைத் தாங்கும் தனி அமைப்பு வேண்டும். வளர வளர மாற்ற வேண்டும். அதற்கென்று இந்த நாட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்: தன் மகளுக்காக நாற்காலி செய்யத் தொடங்கிய ஷோனா மெக்டொனால்ட் 1992-இல் கேப் டவுனில் நிறுவிய ஷோனாக்விப் அந்த வழியில் வந்ததே. பெரியவர்களுக்கான நாற்காலியில் தலையணை முட்டுக் கொடுத்துக் குழந்தையை உட்கார வைப்பதைவிட, அப்படிப்பட்டவர்களிடம் அனுப்பி வைப்பது மேல்.

‘24 அங்குலம்’

பின்சக்கரத்தின் டயரில் 24 என்று எழுதியிருக்கும். பேரன் அதைப் பார்த்துச் சைக்கிள் கடைக்குப் போய் 24 அங்குல டயர் வாங்கி வருவான். ஏறாது. பிள்ளைகளின் 24 அங்குல மலைச் சைக்கிளின் ரிம் 507 மி.மீ. வழக்கமான வீல்சேரின் 24 அங்குல ரிம் 540 மி.மீ. பெயர் ஒன்று, விட்டத்தில் 33 மி.மீ. வித்தியாசம். கடையில் 540 இருக்காது. நாற்காலி வாசலில் சாய்ந்து நிற்கும். ஒரு மாதத்தில் அதில் துணி காயும்.

தீர்வு இரண்டு. ஒன்று, ஆர்டர் கொடுக்கும்போதே 507 ரிம் உள்ள நாற்காலியைக் கேட்பது. டயர் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், வால்வும் கார் டயரின் வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடிக்கலாம். இரண்டு, 540-தான் கிடைக்கிறது என்றால் உதிரியைச் சேர்த்தே வாங்குவது: 60 நாற்காலியில் ஓடும் 120 பின்சக்கரத்துக்கு உதிரி டியூப் 40, டயர் 20 எங்கள் கைக்கணக்கு. ரப்பர் இருட்டில், வெயில் படாமல், மடங்காமல் இருக்க வேண்டும்.

பஞ்சரே ஆகாத கெட்டி டயரைக் கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்குள்ளும் தார்ச் சாலையிலும் மட்டும் ஓடும் ஆயாவுக்கு அது நல்லதுதான். கனமானது, அதிர்வைத் தாங்காது, தேய்ந்தபின் கழற்றி மாட்டப் பட்டறை வேண்டும். புல்லிலும் மண்ணிலும் போகிறவருக்குக் காற்றடைத்ததே வேண்டும். 60-க்கும் ஒரே வகை வாங்கினால் கணக்கு எழுதச் சுலபம், அதைத் தவிர வேறு லாபம் இல்லை.

பேரிங்கிலும் இதே கூத்து. பின்சக்கர அச்சு சில நாற்காலிகளில் 12 மி.மீ.; சிலவற்றில் அரை அங்குலம், அதாவது 12.7. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். 12 மி.மீ. பேரிங்கில் அரை அங்குல அச்சு நுழையாது. சுத்தியலால் தட்டி நுழைத்தால் இரண்டும் போச்சு. மாறாக, அரை அங்குலப் பேரிங்கில் 12 மி.மீ. அச்சு ஆடிக்கொண்டே ஓடி ஹப்பைத் தின்றுவிடும். முன்சக்கரத்தில் பெரும்பாலும் 608 பேரிங்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. ஸ்கேட்போர்டுக்குப் போடுவதும் அதுவே, எங்கும் கிடைக்கும். டர்பனின் ஈர உப்புக் காற்றில் முன்சக்கரத்தின் அச்சு முதலில் துருப்பிடிக்கும். அதில் முடியும் நூலும் சுற்றிக்கொண்டு இறுக்கும். மாதம் ஒருமுறை முடியை வெட்டி எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பிரேக், காற்றில்லாத டயரில் பிடிக்காது. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் 5 மி.மீ.க்குக் குறைவாகவே அமுங்க வேண்டும். பிரேக் பழுது என்று வரும் நாற்காலிக்கு முதலில் காற்றடித்துப் பார்த்துவிட்டே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

மெஷினிஸ்டான கணவருக்கு இந்த இடத்தில் கை அரிக்கும். அவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நான்கு நாற்காலியைச் சரிசெய்துவிடுவார். அதைத்தான் செய்யக் கூடாது. அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 19-ஆவது மாதத்துக்கான ஒரு பாடம் போய்விடுகிறது. நாற்காலி பழுதானால், அந்தப் பகுதியின் சைக்கிள் கடைக்காரரோ, கோயில் சங்கத்தில் கைவேலை தெரிந்த அண்ணனோ கழற்ற, இவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் நான்கு நாற்காலிக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்காகத்தான் அவர் விமானம் ஏறி வந்திருக்கிறார்.

14 படி

சாலையிலிருந்து வீட்டுக்கு 14 படி இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். படி ஒன்றுக்கு 170 மி.மீ. மொத்த இறக்கம் 2.38 மீட்டர். கட்டட விதியின் சரிவு 1-க்கு 12. அப்படியானால் சாய்தளம் சுமார் 28.6 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் நின்று இளைப்பாறும் தட்டையான இடங்கள் தனி. வீட்டு மனையின் நீளமே அவ்வளவு வராது. “ராம்ப் கட்டித் தருகிறோம்” என்று வாய்விடுவதற்கு முன் படியை எண்ணிப் பெருக்கிப் பார்த்துவிட வேண்டும். இடம் இல்லாததால் செங்குத்தாகக் கட்டிய சாய்தளத்தில், இறங்கும்போது தள்ளுகிறவரையும் நாற்காலி இழுத்துக்கொண்டு போகும்.

இத்தகைய வீடுகளில் நடைமுறையில் நிற்கும் வழி வேறு. வீட்டுக்குள் குறுகலான நாற்காலி ஒன்றோ, கழிப்பறை நாற்காலியோ. சாலை மட்டத்தில் கராஜ் உள்ள பக்கத்து வீட்டில் வெளிநடமாட்டத்துக்கான நாற்காலி. இரண்டுக்கும் நடுவே ஆளைத் தூக்கும் முறையை மகனுக்கும் பேரனுக்கும் தெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். ஒருவருக்கு இரண்டு நாற்காலி என்றால் பட்டியலில் ஒரு பயனாளி குறைகிறார். ஜோஹன்னஸ்பர்க்கில் கேள்வி வரும். வரட்டும். மேலே ஏற முடியாத நாற்காலியோடு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவரைப் பயனாளி என்று எண்ணுவது கணக்கில் மட்டும்தான் சரி.

கதவையும் அளக்க வேண்டும். 20 அங்குல இருக்கையுள்ள நாற்காலியின் மொத்த அகலம் 700 மி.மீ.யைத் தாண்டும். 813 மி.மீ. கதவில் நுழையும், கதவுப் பலகையின் தடிமன் போக மீதியில் கைவிரல் உராயும். கழிப்பறைக் கதவு இதைவிடக் குறுகலாக இருந்தால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடுவது மலிவான யோசனை, வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொண்டால்.

வாங்குவது

சபையின் மனிதநேயப் பணியில் கூட்டாளிக்குப் பணமாகக் கொடுப்பதில்லை. விற்பவருக்கு நேராகச் செலுத்திப் பொருளாக ஒப்படைப்பதே வழக்கம். உள்ளூரில் வாங்குவது விலை கூடுதலாகத் தோன்றும். கப்பலில் வரும் சரக்கின் விலையோடு வாடகை, துறைமுகக் கட்டணம், கிடங்கு, பூட்டுவதற்கான கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கும். 2023 கடைசியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நாள்கணக்கில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. 18 மாதத் திட்டத்தில் அப்படி ஒரு தாமதம் பின்தொடர்தலுக்கான நேரத்தை விழுங்கிவிடும். பழைய நாற்காலிகளை நண்பர்கள் திரட்டி அனுப்புகிறேன் என்றால் இன்னும் கஷ்டம்: பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய முன் அனுமதிச் சீட்டு வேண்டும், நாற்காலி ஒவ்வொன்றும் ஒரு ரகமாக வரும், உதிரிக்கு வழியே இல்லை. மரியாதையாக மறுத்துவிடுவது நல்லது. மின்சார நாற்காலியும் அப்படியே. பேட்டரி செத்தபின் அது வீட்டுக்குள் நிற்கும் இரும்பு.

இருக்கை அளவைப் பிரித்து ஆர்டர் செய்ய வேண்டும். 60-ம் 18 அங்குலம் என்று ஒரே வரியில் எழுதினால் பாதிப் பேருக்குப் பொருந்தாது. முதலில் 20 பேரை அளந்து, அந்த விகிதத்தில் 16, 18, 20 என்று பிரித்துக் கேட்பது எங்கள் பரிந்துரை. குஷன் தனி வரியாக, உறையோடு, ஒவ்வொருவருக்கும் இரண்டு உறை. நுரை ஈரத்தில் நாறும், ஓராண்டில் அமுங்கிப்போகும்; மாற்று நுரைக்கும் பணத்தை இப்போதே ஒதுக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது வழக்கமாகிவிட்டது. இன்னாருக்குக் கால் எடுத்தாயிற்று என்பது உடல்நலத் தகவல். 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. கோப்பு தெரபி பிரிவில் இருக்கட்டும்; தம்பதியர் கையில் எண் மட்டும்.

பேட்ஜும் பிரசாதமும்

சாட்ஸ்வொர்த்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்கும் போவது சாதாரணம். அந்தப் பிரிவு சில வீடுகளில் இன்னும் ஆறாத மனத்தாங்கல். அப்படிப்பட்ட இடத்தில் சட்டைப்பையில் சபைப் பெயர்ப் பட்டையோடு வெள்ளைக்காரத் தம்பதியர் நாற்காலி கொண்டுவந்தால், “ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாங்களா?” என்பதுதான் முதல் சந்தேகம். துண்டுப் பிரசுரம் கூடாது, ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பு கூடாது, நாற்காலியைச் சபைக் கட்டடத்தில் வைத்துக் கொடுக்கவும் கூடாது. தெரபி பிரிவிலோ கோயில் மண்டபத்திலோ கொடுக்கலாம். கோயில் மண்டபமென்றால் காலணியைக் கழற்ற வேண்டும். நாற்காலிக்கு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துச் சக்கரத்தைத் துடைத்து உள்ளே விடச் சங்கத்தாரிடம் முன்பே பேசிவைத்தால், அந்தப் பழக்கம் தைப்பூசக் காவடிக்கும் நிலைத்துவிடும். ஊரார் இவர்களை அங்கிள், ஆண்ட்டி என்று அழைக்கத் தொடங்கியதும் பாதிக் கலக்கம் தீரும். சபைக்குள் வழங்கும் எல்டர், சிஸ்டர் எல்லாம் இங்கே வேண்டாம்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். ஆடியில் கூழ் ஊற்றும் வாரக் கடைசிகள், புரட்டாசி விரதம், புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டமாகப் போவது, இவற்றில் நாள் வைத்தால் ஆளே வராது. விரத மாதத்தில் சாப்பாடு ஏற்பாடு செய்தால் மரக்கறி மட்டும்.

பேனர் கட்டி, வரிசையில் உட்கார வைத்து, படம் எடுக்கும் விழா வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விழா என்றால் 60-ம் ஒரே நாளில். ஒரு தெரபிஸ்ட், ஓர் உதவியாளர், பொருத்துதலும் பயிற்சியும் சேர்த்து ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நாளில் மூன்று, மிஞ்சினால் நான்கு பேர். 60 பேருக்கு 15 முதல் 20 நாள். வாரம் ஒரு நாள் கிடைத்தால் நான்கைந்து மாதம். 18 மாதத்தில் ஏழாவது மாதம் தொடங்கி பன்னிரண்டில் முடித்தால்தான் கடைசி ஆறு மாதம் பின்தொடர்தலுக்கு மிஞ்சும்.

தம்பதியரின் உடம்பையும் கணக்கில் வைக்க வேண்டும். இரும்பு நாற்காலி 15 முதல் 20 கிலோ. கார் டிக்கியிலிருந்து குனிந்து தூக்குவது 67 வயது முதுகுக்கு ஆகாது. கால்மிதியையும் பின்சக்கரத்தையும் முதலில் கழற்றி, சட்டத்தை இருவராகத் தூக்க வேண்டும். வீட்டுப் போக்குவரத்தைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும்.

பின்தொடர்தல்

மூன்றாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். மூன்றாவது வாரம்தான் முக்கியம். புண் வருவதாக இருந்தால் அதற்குள் தலைகாட்டியிருக்கும். போனில் கேட்டால் “எல்லாம் நல்லாருக்கு, ஆண்ட்டி” என்பார்கள், கொடுத்தவரிடம் குறை சொல்லக் கூடாதென்று. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நாற்காலி எங்கே நிற்கிறது? குஷன் நாற்காலியில் இருக்கிறதா, சோபாவில் இருக்கிறதா? தள்ளு வளையத்தில் தேய்மானம் இருக்கிறதா? மாலையில் தாத்தாமார் துன்னி ஆடும் சீட்டு மேசைக்கு அவர் போய் வருகிறாரா? தமிழ்ச் சொல்லான தண்ணியிலிருந்து வந்த பெயர்தான் இந்த டர்பன் சீட்டாட்டத்துக்கு. ஆட்டம் மணிக்கணக்கில் போகும், அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் முன்னே குனிந்து ஓரிரு நிமிடம் பாரத்தை மாற்றச் சொல்லிவைத்தால் கடிகாரம் தேவையில்லை.

மனைவியின் நர்ஸ் கண்ணுக்கு இங்கேதான் வேலை. புண்ணைத் தொட வேண்டாம். பார்த்ததைத் தெரபிஸ்ட்டிடம் அன்றே சொன்னால் போதும்.

கடைசி மாதத்தில் உதிரிப் பெட்டி கைமாற வேண்டும். யாரிடம் என்பதை முதல் மாதத்திலேயே தீர்மானித்திருக்க வேண்டும்; சங்க அலுவலகத்தில் பூட்டி வைத்தால் சாவிக்காரர் ஊரில் இல்லாத நாளில்தான் பஞ்சராகும். சைக்கிள் கடையில் வைத்து, டியூபுக்கு விலை இல்லை, கூலியை வாடிக்கையாளர் தருவார் என்று எழுதிக்கொள்வது இதுவரை பார்த்ததில் நன்றாக நிற்கிறது. கூலி வந்தால்தான் கடைக்காரருக்கு அடுத்த தடவையும் மனம் வரும்.

நாற்காலியின் அடியில், இருக்கைத் துணிக்குக் கீழே உள்ள குறுக்குக் குழாயில், ரிம் அளவு, அச்சின் விட்டம், பேரிங் எண், பொருத்திய மாதம், கடையின் தொலைபேசி எண் எல்லாம் பொறித்திருக்க வேண்டும். காகிதச் சீட்டு டர்பன் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. மெஷினிஸ்ட் கணவர் தாராளமாகச் சுத்தியலை எடுக்கலாம்: 60 அலுமினியத் தகடுகளில் எழுத்து அச்சால் தட்டி, இரண்டு ரிவெட் அடிக்க வேண்டும். தகட்டில் சபையின் பெயரோ தம்பதியரின் எண்ணோ வேண்டாம். அந்த எண்ணை 19-ஆவது மாதம் யாரும் எடுக்கப் போவதில்லை.